சிவப்புப் பெருக்கல் குறி

அத்தியாயம் 7

ஏழாயிரம்பண்ணை ரோட்டில் யோகேஸ்வரியின் ஸ்கூட்டி பறந்தது. பின்சீட்டில் எண்பத்தெட்டு கிலோ காதர் பாட்சாவை வைத்துக்கொண்டு ஒரு ஸ்கூட்டி எவ்வளவு பறக்க முடியுமோ அவ்வளவு.

"பாய், ஏத்தத்துல மட்டும் கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்கோங்க. வண்டி ஒங்களை லோடுன்னு நெனச்சு நிக்கப் பாக்குது."

"பேசாம ஓட்டு. மணி ஆறு இருபது."

காதர் பாட்சாவுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருஷம் தீயணைப்புத் துறையில் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். இப்போது விருதுநகர் தெப்பக்குளத்துக்கு எதிர் மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். யோகேஸ்வரி அதே மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். சென்டரை இழுத்து மூடிய அன்றைக்கு, பக்கத்துக் கதவில் 'ஆள் தேவை' என்ற அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். அதற்கப்புறம் அவள் வாய் மூடியதாக காதர் பாட்சாவுக்கு நினைவில்லை.

காலை ஐந்தரைக்கு போன் வந்தது. பேசியது ஹரிஷ்குமார், அந்திச்சுடர் ஃபயர் ஒர்க்ஸின் முதலாளி. வெள்ளிக்கிழமை அவருடைய ஆலைக்குப் பன்னிரண்டு மூட்டை வெடியுப்பு இறங்கியிருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் சப்ளையர் கூப்பிட்டு, ஒரு மூட்டை மாறிவிட்டது என்று குரல் நடுங்கச் சொல்லியிருக்கிறார். தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போக வேண்டிய குளோரேட், வெடியுப்புச் சாக்கில் ஏறிவிட்டது. பட்டாசுக்கு அது தடை செய்யப்பட்ட சரக்கு. கந்தகத்தோடு சேர்த்து லேசாக உரசினாலே போதும், ஒரு ரூமே இருக்காது.

ஹரிஷ்குமார் ஞாயிற்றுக்கிழமையே மூட்டைகளைச் சோதித்துப் பார்த்துவிட்டார். பதினொன்று இருந்தன. பதினொன்றும் நல்ல வெடியுப்பு. பன்னிரண்டாவதைக் காணவில்லை.

"அப்ப காணாமப் போனதுதான் அது," என்றாள் யோகேஸ்வரி, லாரி ஒன்றுக்கு ஒதுங்கியபடி. "எடுத்துட்டுப் போனவனுக்கு அதுல என்ன இருக்குன்னு தெரியுமா பாய்?"

"தெரிஞ்சா திருப்பிக் கொண்டாந்து வச்சிருப்பான்."

"இன்னிக்குத் திங்கக்கிழமை."

"அதான் ஓட்டுன்னு சொல்றேன்."

* * *

ஆலை வாசலிலேயே ஹரிஷ்குமார் காத்திருந்தார். முப்பத்தைந்து வயது, ராத்திரி தூங்காத கண். இருவரையும் தனியாக ஒதுக்கிக்கொண்டு போனார்.

"பாய், ஒரே ஒரு நிபந்தனை. மூட்டையில என்ன இருக்குன்னு இங்கன ஒரு ஆளுக்கும் தெரியக் கூடாது. சீசன் நேரம். ஒருத்தன் காதுல விழுந்தா இருநூறு பேரும் ஓடிருவாக. அடுத்த வேளை லைசென்சைப் பிடுங்க ஜீப் வந்து நிக்கும். மூட்டை திருட்டுப் போச்சுன்னு மட்டும் விசாரிங்க."

காதர் பாட்சா ஒரு நொடி யோசித்தார். பயந்த சாட்சி வாயைத் திறக்காது என்பது அவர் அனுபவம். சரி என்று தலையாட்டினார்.

ஆபீஸ் ரூமில் ஸ்டோர் கீப்பர் சங்கிலிமுத்து நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. பதினாலு வருஷமாக ஸ்டோர் சாவி அவரிடம்தான்.

"சனிக்கிழமை ஸ்டோர்ல இருந்து எத்தனை மூட்டை வெளிய போச்சு?" என்றார் காதர் பாட்சா.

"பதினொண்ணு சார். எட்டு ரூமுக்கும் பிரிச்சுக் குடுத்தேன்."

"வந்தது பன்னெண்டுன்னு வாசல் கேட் நோட்டுல இருக்கே?"

"லோடு இறக்கினவுக தப்பா எண்ணியிருப்பாக."

"கம்ப்யூட்டர்ல என்ன ஏத்தினீக?"

சங்கிலிமுத்து பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எல்லாத்தையும் அடிச்சேன் சார். அடிச்சு முடிக்கையில கரண்டு போயிருச்சு. பொட்டி பட்டுன்னு நின்னு போச்சு. அடிச்சது அம்புட்டும் போயிருச்சு."

"எத்தனை மணிக்கு?"

"ஆறு மணி இருக்கும். சரியா நெனவில்ல."

கரண்டு போவது அந்தப் பக்கத்தில் அதிசயமில்லை. காதர் பாட்சா அடுத்த கேள்விக்குப் போனார். யோகேஸ்வரி அதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஸ்டோர் புரோகிராமைத் திறந்தாள். சனிக்கிழமைப் பக்கம் வெறுமையாக இருந்தது. அதை மூடாமல் கீழே சுருக்கி வைத்துவிட்டு, புரோகிராம் இருக்கிற ஃபோல்டருக்குள் நுழைந்து ஒவ்வொரு ஃபைலாகத் தட்டிப் பார்த்தாள். ஒன்றில் வெறும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் வரிசையாக நின்றன. கடைசி மூன்று வரி சனிக்கிழமைத் தேதி.

பர்ஸிலிருந்த கசங்கிய ரசீதின் பின்னால் எழுதிக்கொண்டு வந்து காதர் பாட்சாவிடம் நீட்டினாள்.

*17.49 – 0 – சி*
*17.50 – 0 – சி*
*17.52 – 0 – என்*

"இது என்ன?"

"தெரியல பாய். ஏதோ பையன் பரீட்சையில மூணு தடவை முட்டை வாங்கின மாதிரி இருக்கு. இதை எழுதுனவன்தான் சொல்லணும்."

புரோகிராம் எழுதியவன் பெயர் தவுபிக் என்றும், இப்போது திருத்தங்கல்லில் ஒரு பிரஸ்ஸில் லேபிள் டிசைன் செய்கிறான் என்றும் ஹரிஷ்குமார் சொன்னார். காதர் பாட்சாவுக்கு அவன் தூரத்துச் சொந்தம். அவனுடைய செல்லுக்கு அடித்தார்கள். மணி போய்க்கொண்டே இருந்தது.

"பிரஸ்ல மிஷின் ஓடும். அவன் காதுல விழாது," என்றார் ஹரிஷ்குமார்.

காதர் பாட்சா மணியைப் பார்த்தார். ஏழு பத்து. தொழிலாளர் வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது. பெண்கள் தூக்குவாளியோடு இறங்கினார்கள். அதில் ஒருத்தி சங்கிலிமுத்துவைப் பார்த்து, "என்னண்ணே, நேத்து கொளுந்தியா வீட்டுக் காதுகுத்து முடிஞ்சுதா?" என்று கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"கிளம்பு," என்றார் காதர் பாட்சா.

* * *

திருத்தங்கல் பிரஸ்ஸுக்குள் நுழையும்போது எட்டு அடிக்க மூன்று நிமிஷம். கீழே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேலே கண்ணாடித் தடுப்புக்குள் தவுபிக், கம்ப்யூட்டரில் ஒரு மயிலின் தோகைக்கு நீலம் ஏற்றிக்கொண்டிருந்தான். காதர் பாட்சாவைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்க மாமா. என்ன காலங்காத்தால?"

யோகேஸ்வரி ரசீதை அவன் முன்னால் வைத்தாள். "தம்பி, இது நீ போட்ட கோலமா?"

தவுபிக் பார்த்துச் சிரித்தான். "என்னுதுதான் அக்கா. ஜன்னலை மூடும்போது எழுதுற வரி."

"எந்த ஜன்னலை?" என்றார் காதர் பாட்சா.

தவுபிக் மயில் படத்தின் மேல் வலது மூலையைக் காட்டினான். சிவப்புக் கட்டத்துக்குள் வெள்ளைப் பெருக்கல் குறி. "இதை அமுக்கினா ஜன்னல் மூடிரும்னுதான எல்லாரும் நெனைக்கிறாக. உண்மையில அது மூடாது மாமா. 'மூடச் சொல்றாக, மூடவா?'ன்னு புரோகிராம்கிட்ட ஒரு கேள்விதான் வரும். அந்த இடத்துல நாம என்ன எழுதி வைக்கிறமோ அதுதான் நடக்கும். சேவ் பண்ணவான்னு கேக்கலாம். முடியாதுன்னும் சொல்லலாம். மூடச் சொன்னது யாருன்னும் தெரிஞ்சுக்கலாம்."

"யாருன்னா? பேர் தெரியுமா?"

"பேர் தெரியாது. எப்படின்னு தெரியும். பூஜ்யம்னா பெருக்கல் குறியை அமுக்கியிருக்காக. ஒண்ணுன்னா நான் வச்ச 'வெளியேறு' பட்டன். ரெண்டுன்னா கம்ப்யூட்டரையே ஷட்-டவுன் பண்ணியிருக்காக."

"கரண்டு போனா?"

"கரண்டு போனா ஒரு வரியும் இருக்காது மாமா. கேள்வி கேக்கவே நேரம் இல்லையே. பட்டுன்னு செத்தவன் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டா போறான்?"

காதர் பாட்சாவும் யோகேஸ்வரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த சி, என்?" என்றாள் அவள்.

"சேவ் பண்ணவான்னு கேக்கும்ல. ஆமா, வேண்டாம், ரத்துன்னு மூணு பதில் இருக்கும். 'என்'னா நோ, வேண்டாம். 'சி'ன்னா கேன்சல், ரத்து, அதாவது மூடாதே, நான் இன்னும் இருக்கேன்."

காதர் பாட்சா ரசீதைக் கையில் எடுத்தார். வாய்க்குள் முணுமுணுத்தார். ஐந்து நாற்பத்தொன்பதுக்கு மூட நினைத்திருக்கிறான், வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறான். ஐம்பதுக்கு மறுபடி மூட நினைத்து, மறுபடி நிறுத்தியிருக்கிறான். ஐம்பத்திரண்டில்தான் சேவ் பண்ணாமல் மூடியிருக்கிறான்.

"மூணு நிமிஷம்," என்றார். "திருடனுக்கு எதுக்கு யோகேசு மூணு நிமிஷம்?"

"கை நடுங்கியிருக்கும்."

"பழகின கை நடுங்காது. பதினாலு வருஷமா ஒரு வரி விடாம எழுதின ஆளு, முதல் தடவையா ஒரு வரியை மறைக்கிறான். மனசு வரலை. ரெண்டு தடவை திரும்பி வந்திருக்கான். இவன் வித்துத் தின்ன எடுக்கலை. யாருக்காகவோ எடுத்திருக்கான்."

"யாருக்குன்னு இந்த முட்டையில எழுதலையே பாய்."

தவுபிக் தயங்கினான். "வரியில இல்ல. ஆனா மிச்சத்துல இருக்கும்."

"எந்த மிச்சம்?"

"ஆரம்பத்துல சங்கிலிமுத்து அண்ணன் தெரியாம 'வேண்டாம்'னு அமுக்கிட்டு, அடிச்சதெல்லாம் போச்சேன்னு எனக்கு போன் பண்ணுவாரு. அதனால மூடும்போது, சேவ் பண்ணாத பக்கத்தை அப்படியே ஒரு ஃபைல்ல எழுதி வைக்கிற மாதிரி செஞ்சேன். அவர்கிட்ட சொல்லலை, சொன்னா அதை நம்பியே சேவ் பண்ண மாட்டாரு. ஆனா மாமா, அது ஒரே ஒரு ஃபைல். அடுத்த தடவை ஜன்னலை மூடும்போது பழசு அழிஞ்சு புதுசு வந்துரும்."

யோகேஸ்வரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "நான் மூடலை. சுருக்கித்தான் வச்சிருக்கேன்."

"இப்ப மணி எட்டு ஆறு," என்றான் தவுபிக். "எட்டு மணிக்கு அண்ணன் அதுல வந்து உக்காருவாரு."

காதர் பாட்சா அதற்குள் நம்பரை அழுத்திவிட்டார். ஹரிஷ்குமார் எடுத்தார்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல யாராவது உக்காந்திருக்காகளா?"

"சங்கிலிமுத்து இருக்கான். ஏதோ தெரியாமத் திறந்து கிடக்குன்னு மூடப் போறான்."

"மவுஸ்ல இருந்து கையை எடுக்கச் சொல்லுங்க. இப்பவே. நீங்க போய் உக்காருங்க."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. காதர் பாட்சா போனை தவுபிக்கிடம் கொடுத்தார். தவுபிக் ஒவ்வொரு படியாகச் சொன்னான். ஹரிஷ்குமாருக்குக் கம்ப்யூட்டர் ஆகாது. இடது பட்டனா வலது பட்டனா என்று இரண்டு தடவை கேட்டார். ஒரு தடவை வேறு ஃபோல்டரைத் திறந்து, தன் கல்யாணப் போட்டோ வருகிறது என்றார்.

"நல்லா இருந்தா பிரிண்ட் போட்டு மாட்டச் சொல்லு தம்பி," என்றாள் யோகேஸ்வரி. அவள் விரல் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஃபைல் திறந்தது. காதர் பாட்சா போனை வாங்கிக் காதில் வைத்தார். ஹரிஷ்குமார் வாசித்தார்.

"வெடியுப்பு ஒண்ணு, ரூம் மூணு. வெடியுப்பு ரெண்டு, ரூம் ஒண்ணு... எல்லாம் ரூம் நம்பர்தான் பாய். பதினொண்ணாவது, ரூம் எட்டு. பன்னெண்டாவது..." குரல் நின்றது. "பன்னெண்டாவதும் இருக்கு. இங்கிலீஷ் எழுத்துல வீடுன்னு அடிச்சிருக்கு. வெறும் வீடு."

பழக்கம். உண்மையை அடித்துவிட்டுத்தான் அந்தக் கை பயந்திருக்கிறது.

"சங்கிலிமுத்து பக்கத்துல இருக்காரா?"

"இங்கனதான் நிக்கிறான். மூஞ்சி வெளுத்துப் போச்சு."

"போனை அவர்கிட்ட குடுங்க."

ஹரிஷ்குமார் குரலைத் தாழ்த்தினார். "பாய், மூட்டையில என்னன்னு மட்டும் சொல்லிராதீக. நம்ம பேச்சு ஞாபகம் இருக்குல்ல?"

"குடுங்க."

பிறகு சங்கிலிமுத்து, "சார், என்னைய என்ன வேணும்னாலும் செஞ்சுக்கோங்க. அவ மேல கேஸ் போட்ராதீக," என்றார்.

"யார் மேல?"

"எம் பொண்டாட்டி. சுப்புத்தாய். நாலு பேரு ரூம்ல அஞ்சு பேரை உக்கார வைக்காதீகன்னு போன கம்பெனியில சத்தம் போட்டா. அதோட அவளை ஒரு இடத்துலயும் சேர்க்கலை. வீட்டுலயே சாட்டைப் பட்டாசு உருட்டுதா. லைசென்ஸ் கெடையாது. அதான் சார் சொல்லலை."

"சங்கிலிமுத்து, நல்லாக் கேளுங்க. அது வெடியுப்பு இல்ல. சாக்கு மாறிப் போச்சு. உள்ள இருக்கிறது குளோரேட்."

பின்னால் யாரோ தூக்குவாளியை வைக்கும் சத்தம் வந்தது.

"நேத்து காதுகுத்து," என்றார் சங்கிலிமுத்து. அவர் குரல் அவருடையதாகவே இல்லை. "நேத்து பிரிக்கலை. இன்னிக்கு வெயில் ஏறவும் கலக்குறேன்னு சொன்னா."

"வீடு எங்க?"

"திருத்தங்கல். ரயில்வே கேட்டுக்கு அங்கிட்டு, தண்ணி டேங்குக்குப் பின்னாடி. பச்சைக் கதவு. சார், நான் இங்கன இருக்கேனே சார்."

"நான் திருத்தங்கல்லதான் இருக்கேன்," என்றார் காதர் பாட்சா. அதைச் சொல்லும்போதே மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தார்.

* * *

கேட் மூடியிருந்தது. இரண்டு பக்கமும் லாரியும் சைக்கிளும் நின்றன. ரயிலின் சத்தம் தூரத்தில் கேட்டது. யோகேஸ்வரி வண்டியை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டுக் கம்பிக்கு அடியில் குனிந்தாள். காதர் பாட்சாவும் குனிந்தார். கேட்காரர் சத்தம் போட்டார். தண்டவாளத்தைத் தாண்டி இருபது அடி போனபோது ரயில் பின்னால் இரைந்துகொண்டு போனது.

தண்ணி டேங்க், அதற்குப் பின்னால் பச்சைக் கதவு. சாத்தியிருந்தது. கதவைத் தட்டக் கையை ஓங்கிய யோகேஸ்வரியின் மணிக்கட்டைக் காதர் பாட்சா பிடித்துக்கொண்டார்.

"தட்டாத. ரெய்டுன்னு நெனச்சு அவசரமா அள்ளி ஒளிக்கப் பாப்பா. அள்ளினாப் போச்சு."

பக்கவாட்டில் சந்து இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகப் போனார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட சாய்ப்பு. அதற்கடியில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். சாக்கு வாய் பிரிந்து கிடந்தது. முன்னால் பழைய காலண்டர் தாள்களை விரித்திருந்தாள். தாளில் ஒரு வெள்ளைக் குவியல், அதை ஒட்டி மஞ்சளாகக் கந்தகக் குவியல். இரண்டின் ஓரமும் தொட்டுக்கொண்டிருந்தன. அவள் கையில் சல்லடை.

காதர் பாட்சாவின் காக்கிக் கால்சட்டையைப் பார்த்ததும் அவள் கண் அகன்றது. தாளின் முனைகளைச் சேர்த்துப் பிடிக்கக் கை போனது.

"அக்கா, சேலையில பல்லி," என்றாள் யோகேஸ்வரி, ரொம்பச் சாதாரணமாக. "அசையாதீக. ஓடிரும்."

சுப்புத்தாய் அப்படியே உறைந்தாள்.

"நான் சங்கிலிமுத்து அண்ணன் கம்பெனி. இவரு ஆபீசர் இல்ல, பயப்படாதீக. ஆபீசருக்கு இம்புட்டுத் தொப்பையை கவர்மெண்டு விடாது." சிரித்துக்கொண்டே பேசினாள். "கையை அப்படியே வச்சுக்கோங்க. சல்லடையைக் கீழ வைக்க வேண்டாம். எந்திரிச்சு எங்கிட்ட வாங்க. மெதுவா. கால் தாள்ல படாம."

"பல்லி எங்க?"

"வாங்க, காட்டுதேன்."

சுப்புத்தாய் எழுந்தாள். ஒரு காலை எடுத்து வைத்தாள். இன்னொரு கால் தாளின் ஓரத்துக்கு நாலு விரல் தள்ளி ஊன்றியது. அவள் வெளியே வந்ததும் யோகேஸ்வரி சல்லடையை இரண்டு கையாலும் வாங்கி, சுவருக்கு அப்பால் வெயிலில் வைத்தாள். பிறகு சுப்புத்தாயைத் தோளோடு அணைத்துச் சந்து முனைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அது வெடியுப்பு இல்லை, குளோரேட் என்று அங்கேதான் சொன்னாள்.

காதர் பாட்சா குடத்துத் தண்ணீரை எடுத்தார். மேலே ஊற்றவில்லை. தாளின் ஓரத்தில் வைத்து, தரையோடு தரையாக ஓடவிட்டார். தண்ணீர் தானாக வெள்ளைக்குள் ஏறியது, பிறகு மஞ்சளுக்குள். நாலு குடம் ஆனது.

* * *

முக்கால் மணி நேரத்தில் ஹரிஷ்குமாரின் கார் வந்தது. சங்கிலிமுத்து கார் நிற்கும் முன்பே குதித்தார். மனைவியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு கிட்டப் போய் அவள் கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

அவள் கையை விடாமலே காதர் பாட்சாவின் பக்கம் திரும்பினார்.

"காலையில ஏழு மணிக்கு எம் முன்னாடி நின்னீக சார். அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உண்மையைச் சொல்லியிருப்பேனே."

"ஆமா," என்றார் காதர் பாட்சா. "சொல்லியிருக்கணும். சொல்லலை."

ஹரிஷ்குமார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, நல்லபடியா முடிஞ்சுது. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. இங்கனயே குழி தோண்டி மூடிருவோம். அந்த இன்னொண்ணை சப்ளையர் பாத்துக்குவாரு."

காதர் பாட்சா மெதுவாக நிமிர்ந்தார். "எந்த இன்னொண்ணு?"

ஹரிஷ்குமார் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"தம்பி, சப்ளையர் சரியா என்ன சொன்னாரு?"

"ரெண்டு மூட்டை மாறிருச்சுன்னாரு. ஒண்ணு நம்ம லோடு. இன்னொண்ணு அதே லாரியில போன வேற கம்பெனி. எதுன்னு அவருக்கே தெளிவா இல்ல. நம்ம மூட்டை கிடைக்கிற வரைக்கும் வெளிய சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். மத்தியானத்துக்குள்ள சொல்லிருவாரு."

யோகேஸ்வரி மணியைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை அந்த லாரி நம்மகிட்ட இறக்கிட்டு மூணு இடத்துக்குப் போச்சு," என்றார் சங்கிலிமுத்து. "டிரைவரு எங்கிட்டதான் வழி கேட்டான். மூணும் எனக்குத் தெரியும்."

"ஏலே, யோசிச்சுப் பேசு," என்றார் ஹரிஷ்குமார். "அங்கன போன் போனா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாக. போலீஸ் வரும். உம் பொண்டாட்டிதான் மொதல்ல உள்ள போவா."

சுப்புத்தாய் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"போறேன் முதலாளி. அங்கன ஒரு ரூம்ல நாலு பேரு உக்காந்திருப்பாக. அஞ்சு பேரும் இருப்பாக. மொதல்ல போனைப் போடுங்க."

காதர் பாட்சா கையை நீட்டினார். ஹரிஷ்குமார் அவரைப் பார்த்தார், சுப்புத்தாயைப் பார்த்தார், பிறகு செல்போனைக் கொடுத்தார்.

முதல் கம்பெனியில் மூட்டை இன்னும் ஸ்டோரை விட்டு வெளியே வரவில்லை. இரண்டாவதில் எடுத்தவர் இரண்டு நிமிஷம் சண்டை போட்டுவிட்டு வேலையை நிறுத்தினார். மூன்றாவதில் ஒரு கிழவர் குரல். காதர் பாட்சா சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"பிரிச்சுட்டாக. ஒரு மூட்டை மட்டும் பொடி வேற மாதிரி இருக்கேன்னு அந்தப் பொம்பளைக பேசிக்கிட்டு இருந்திருக்காக. இன்னும் கலக்கலை. எல்லாரையும் வெளிய நிப்பாட்டிட்டேன். எம்புட்டுத் தூரம் தள்ளி நிக்கணும்?"

காதர் பாட்சா சொன்னார். பிறகு தன் பழைய தீயணைப்பு நிலையத்துக்கு அடித்து, இந்த வீடு, அந்தக் கிழவரின் கம்பெனி என இரண்டு இடத்தின் முகவரியையும் கொடுத்தார்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது, சுப்புத்தாய் உள்ளே போய் வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"போலீசு வந்து தெருவுல வச்சுக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நானே ஸ்டேஷனுக்குப் போயிருதேன்," என்றாள் யோகேஸ்வரியிடம். "வண்டியில கொண்டு விடுதியா தாயி?"

"நானும் வர்றேன்," என்றார் சங்கிலிமுத்து. "மூட்டையை எடுத்தது நான்."

"நானும் வரணும்," என்றார் காதர் பாட்சா. "ஏழு மணியில இருந்து எட்டே கால் வரைக்கும் தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம இருந்திருக்கேன். அதையும் எழுதிக்கட்டும்."

யோகேஸ்வரி மூன்று பேரையும் பார்த்தாள். "ஸ்கூட்டி தாங்காது பாய்."

"நீ இவுகளைக் கூட்டிட்டுப் போ," என்று காதர் பாட்சா செருப்பை மாட்டிக்கொண்டார். "நான் நடந்து வர்றேன்."